வாகரை நிண்டுபோச்சு

"சேர், வாகரை நிண்டுபோச்சு!"

ஆரையம்பதி வெள்ள எச்சரிக்கை நிலையத்தில் அஜந்தா போட்ட சத்தத்தில் மேலதிகாரி வினாயகமூர்த்தி ஓடிவந்தார்.

வெளியே பேய் மழை. வாவி ரோட்டுக்கு ஏறியிருந்தது.

வாகரை, கல்குடா, ஆரையம்பதி மூன்று இடத்துக் கொம்பியூட்டர்களையும் ஒரே இயங்குதளம் கட்டி மேய்த்தது. மூன்றும் ஒன்றுபோலச் சேர்ந்து நீர்மட்டத்தைக் கணக்குப் பார்க்கும். ஒன்று நின்றால் அதன் வேலையையும் மற்ற இரண்டும் இழுத்துக்கொள்ளும். இரண்டு நின்றால் போச்சு. எந்த ஊரிலும் சைரன் ஊதாது.

"கரண்ட் போயிருக்கும் புள்ள. பற்றரி இருக்கே?"

"இல்ல சேர், ஆரோ கையால நிப்பாட்டியிருக்காங்க. திரையில காட்டுது."

"சாமித்தம்பிதானே அங்க டியூட்டி? தண்ணியக் கண்டதும் பூட்டிற்று ஓடியிருப்பான், பயந்தாங்கொள்ளி!"

அஜந்தா வாகரைக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை.

வாவிக்கரை வீட்டில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மாமியும் இருக்கிறார்கள். சைரன் ஊதினால் கோயிலுக்கு ஓடுங்கள், ஊதும்வரை வீட்டைவிட்டு அசையாதீர்கள் என்று சொல்லி வைத்தவளே அவள்தான்.

திரையில் கல்குடாவின் பச்சை விளக்கு மறைந்து, திரும்ப வந்தது.

"கண்ணகை அம்மாளே, அதையும் நிக்க விட்டுடாத தாயே!"

மறுபடி மறைந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளைகளின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

சைரன் ஊதியது.

கல்குடா எப்படியோ தாங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மாமி கோயிலில் இருந்து பேசினாள். பிள்ளைகள் பத்திரம்.

பயம் எழுந்து போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துச் சாமித்தம்பியின் போன் வந்தது.

"எங்க ஓடினீங்க? எங்கட உசிரோட விளையாடுறீங்களா?"

"நான் எங்கயும் ஓடல்ல மிஸ். இங்கதான் நிக்கன். நான்தான் நிப்பாட்டினன்."

"என்னத்துக்கு?"

"ஊருக்குள்ள கரண்ட் இல்ல. வெள்ளத்துக்குப் பயந்து இங்க வந்து தங்கியிருக்கிற ஒரு சின்னப் புள்ளைக்கு முட்டு வந்து மூச்செடுக்க ஏலாமப் போச்சு. மருந்து ஆவி புடிக்கிற மெசினுக்கு நம்மட பற்றரியக் கழட்டிக் குடுத்திட்டன். அந்த அவசரத்தில போன் எடுக்க ஏலாமப் போச்சு."

"சைரன் ஊதாம விட்டிருந்தா?"

"கொம்பியூட்டர்ர வேலையப் பாக்க இன்னும் ரெண்டு கொம்பியூட்டர் இருந்திச்சு மிஸ். இந்தப் புள்ளைக்குப் பதிலா மூச்சு விட ஆரு இருக்கா?"