பதினான்காம் அறைக் கதவு

கல்லூரிக்குள் கத்தியோடு ஒருவன் புகுந்துவிட்டான், எல்லோரும் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொள்ளுங்கள் என்று மத்தியானம் கைபேசிகளில் செய்தி வந்தபோது, பெண்கள் விடுதியின் பதினான்காம் அறையில் வான்மதியோடு சேர்த்து ஆறு பேர் இருந்தார்கள். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. எவளோ ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு காதலனோடு போனில் பேசினாள் என்று, போன வருஷம்தான் வார்டன் வசந்தகுமாரி எல்லா அறைகளிலும் அதைக் கழற்ற வைத்திருந்தார்.

"அந்த எவளோ நான்தான்டி," என்றாள் தமயந்தி. "அதுவும் வீட்டுல நிச்சயம் பண்ணின மாமா பையன்கிட்டதான் பேசினேன்."

சிரிக்கக் கூடாத நேரத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு ஆறு பேரும் கதவை அழுத்திப் பிடித்தார்கள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகள் இருந்தன. வான்மதியின் உள்ளங்கை அவற்றின் மேல் பதிந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் அவள் கையை எடுக்கவே இல்லை.

பிறகு வார்டன் வந்து கதவைத் தட்டினார். "அவனைப் பிடிச்சுட்டாங்கம்மா. பயமில்ல, திறங்க."

"உள்ள தாழ்ப்பாளே இல்லையே மேடம். தள்ளுங்க," என்றாள் வான்மதி.

வார்டன் தள்ளினார். கதவு அசையவில்லை.

"என்னடி விளையாட்டு இது?"

"ஆசாரியக் கூட்டிட்டு வாங்க மேடம். தாழ்ப்பாள் மாட்டினதும் திறக்கிறோம்."

வெளியே வார்டனின் செருப்புச் சத்தம் பக்கத்து அறைக்குப் போனது. அவர் அந்தக் கதவைத் தள்ளுவது கேட்டது. அதுவும் திறக்கவில்லை.