பதினொரு மஞ்சள்

"பரீட்சை எழுதுறதுக்கு முன்னாடியே 'நான் ஃபெயில்'னு எழுதிக் கழுத்துல மாட்டிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்."

பியாமுகாமா சத்தமாகவே சொன்னான். கம்பாலா அலுவலகமே சிரித்தது. அவன் கேலி செய்த நகலெமா, பக்கத்து மேசையில், திரையை விட்டுத் தலை நிமிரவில்லை.

இருவரும் எழுதிக்கொண்டிருந்தது, குழந்தையின் எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும் புரோகிராம். காய்ச்சல் மருந்து அவன் பொறுப்பு, மலேரியா மருந்து அவள் பொறுப்பு. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு டெஸ்ட். வரவேண்டிய விடையை எழுதுபவரே அதில் போட்டு வைக்க வேண்டும்; புரோகிராம் தரும் விடை அதோடு பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. தப்பு என்று தெரிந்தும் இன்னும் திருத்தாததற்கு, 'இது தோற்கும், தெரியும்' என்று குறி போட்டு வைத்தால் மஞ்சள்.

அவனுக்கு எல்லாம் பச்சை. அவளுக்குப் பதினொரு மஞ்சள்.

இருவரில் ஒருவருக்குத்தான் அடுத்த மாதம் வேலை. மருத்துவமனையிலிருந்து மூத்த நர்ஸ் சிஸ்டர் அச்சான் வந்து பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அவன் புதுச் சட்டையில் வந்திருந்தான்.

"அந்த மஞ்சளையாவது அழிச்சுத் தொலையேன். மானம் போகுது."

"அழிச்சா மறந்துடுவோம்."

"ஆமா, மறக்காம ஊர் பூரா தம்பட்டம் அடி."

சிஸ்டர் வந்தார். முதலில் கண்ணில் பட்டது மஞ்சள்தான்.

"இது என்னம்மா?"

"மூணு கிலோவுக்குக் குறைஞ்ச பிள்ளைங்களுக்குக் கணக்கு தப்பா வருது, சிஸ்டர். சரி பண்ற வரைக்கும் அந்த எடைக்கு அளவே காட்டாது. 'டாக்டரைக் கேளுங்க'ன்னுதான் வரும்."

பியாமுகாமா இடையில் புகுந்தான். "என்னோடதைப் பாருங்க, சிஸ்டர். இதுலயும் மூணுக்குக் குறைஞ்ச பிள்ளை இருக்கு, ரெண்டு கிலோ. பச்சை."

சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"ரெண்டு கிலோ. வரவேண்டியது அஞ்சு மில்லி. வந்தது அஞ்சு மில்லி."

கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சு மில்லி நாங்க பத்து கிலோ பிள்ளைக்குக் குடுக்கிறது, தம்பி. வரவேண்டியது அஞ்சுன்னு உனக்கு யாரு சொன்னா? டாக்டரா?"

"இல்ல."

"மருந்துப் புத்தகமா?"

"இல்ல சிஸ்டர். முதல்ல வேற நம்பர்தான் போட்டிருந்தேன். சிவப்பு வந்துச்சு."

"அப்புறம்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"புரோகிராம் என்ன சொல்லுச்சோ, அதையே வரவேண்டியதுன்னு மாத்தி எழுதிட்டேன்."

சிஸ்டர் நாற்காலியை நகலெமா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உன் பதினொண்ணையும் முடிக்க எத்தனை நாள் வேணும், மகளே?"