இரண்டு ஒன்பதுகள்

புகார்க் கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள் அன்புக்கரசி. மூன்று வருஷம் 'சார், சார்' என்று கும்பிட்ட தன் ஆய்வு வழிகாட்டியைப் பற்றி இப்படியொரு கடிதம் எழுத நேரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"உங்க சாரத் தவுர உன் கணக்க வேற யாரு பாத்தாங்க?" என்று கணவன் நிலவன் நேற்றுக் கேட்டபோதுதான் அவளுக்கே உறைத்தது. இன்று அவனை அரை நாள் லீவு போடவைத்துக் கூடவே இழுத்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு வருஷம் சும்மா இருந்தவனுக்குப் ஆறு மாதம் முன்புதான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. எம்.கே.பி. நகரில் அவர்கள் பிளாக் முழுக்க லட்டு கொடுத்திருந்தாள். அந்தக் கம்பெனி ஐ.டி. கார்டு அவன் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவளுடைய ஆராய்ச்சி கணிதத்தில். ஆயிரம் அடுக்கு வரை போகும் சமன்பாட்டின் மூலங்களை, அதாவது விடைகளை, கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் தேடும். அன்புக்கரசி அதை ஓர் அணியாக, அதாவது மேட்ரிக்ஸாக, மாற்றினாள்; சாய்ந்த கோடுகளில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் அணி அது. முழுவதையும் சுமக்க வேண்டாம், மேல் வரிசையும் இடது ஓரமும் போதும் என்று கண்டுபிடித்தாள். வேலை நிமிடங்களில் முடிந்தது.

ஒரே மூலம் இரண்டு தடவை வந்தால் பழைய வழிகள் திணறும். அதைச் சோதிக்கத் தெரு ஃபுட்பால் டீமின் ஜெர்சி நம்பர்களை மூலங்களாக வைத்தாள். கடைக்காரர் தவறிப்போய் இரண்டு சட்டையில் ஒன்பது அடித்துவிட்டார். அதில் ஒன்று நிலவனுடையது. நோட்டில் அவள் இப்படித்தான் கன்னாபின்னாவென்று போட்டுப் பார்ப்பாள். சாரிடம் போகும்போது எல்லாம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும்.

அந்தச் சமன்பாடு, இரண்டு ஒன்பதும் அப்படியே, இப்போது ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் வந்திருக்கிறது. மேலே வெள்ளத்துரை என்று முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பெயர். இனி அவள் தன் ஆய்வேட்டைக் கொடுத்தால் அவளைத்தான் திருடி என்பார்கள். டாக்டர் பட்டம் அவ்வளவுதான்.

ராயபுரத்தில் கல்லூரி மாடிப்படியிலேயே நிலவன் நின்றுவிட்டான். "நான் கீழயே நின்னுகினு கீறேன், நீ பேசிட்டு வா."

"நீ பக்கத்துல இருந்தாதான் எனக்குத் தெகிரியம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

தேவப்பிரியம் சாரை அவள் வாயைத் திறக்கவே விடவில்லை. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்கும்போது அழுகை வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் நீட்டிய ஆய்விதழ்ப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு அலமாரியிலிருந்து அவள் கொடுத்திருந்த பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"நீ எனக்குக் குடுத்ததுல அஞ்சுதானேம்மா ரெண்டு தடவ வருது? இந்த ஒம்பதை நான் பாத்ததே இல்லையே."

ஒன்றிலிருந்து பத்து, நடுவில் ஐந்து மட்டும் இரண்டு முறை. சார் முன்னால் தெரு டீம் நம்பரா என்று கூச்சப்பட்டு அவளே மாற்றி எழுதியது, ஆத்திரத்தில் மறந்தே போயிருந்தது. ஒன்பதுகள் இருந்தது வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் கிடக்கும் நோட்டில் மட்டும்.

மெல்லத் திரும்பினாள். நிலவன் ஐ.டி. கார்டைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தான்.

"எங்க கம்பெனி வெள்ளத்துரை அந்த நோட்டக் குடுத்தாதான் வேலைன்னாரு, அரசி."