மூன்றாம் தொட்டியின் சூடு

உரத்தொட்டிக் குப்பைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார்.

விரல் எதிலோ முட்டியது. எலுமிச்சை இல்லை. அழுகின தக்காளி இல்லை. இருபது வருஷமாக ஊர்க்குப்பையைக் கிளறுகிற கை, தொட்டால் சொல்லிவிடும்.

தோல் மாதிரி மெத்தென்று. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, கொத்தாக.

கையை எடுக்கவில்லை. அசைக்கவும் இல்லை.

குனிந்து, காற்றுக்காக விட்டிருந்த செங்கல் ஓட்டையில் கண்ணை வைத்தார். உள்ளே ஒரு வால், அவசரமே இல்லாமல், இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சாரை.

சாரையெல்லாம் ஆம்பிளை, நல்லபாம்புக்குப் புருஷன் என்று ஊரே சொல்லும். சொல்கிறவனையெல்லாம் இழுத்துவந்து காட்டவேண்டும். புருஷன் போட்ட முட்டையாடா இது?

மெல்லக் கையை உருவினார்.

குப்பைக்கு நடுவில் போட்டிருந்தால் வெந்து போயிருக்கும். சுவரை ஒட்டிப் போட்டிருந்தால் ராத்திரியில் குளிர்ந்து போயிருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு சாண் அகலம் இருக்கிறது. வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் அங்கே ஒரே இதம். அந்த ஒரு சாண் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

சொந்தமாகச் சூடு இல்லாத உடம்பு அதற்கு. காலையில் வரப்பில் கிடந்து வெயிலை வாங்கினால்தான் வேகமாக ஓடவே முடியும். கோழி மாதிரி ஏறி உட்கார்ந்து அடைகாக்க அதனிடம் என்ன இருக்கிறது? தேடி அலைந்திருக்கிறது. பேரூராட்சி உரக்கிடங்கில் தொட்டி ஆறு. ஆறுக்கும் ஆறு ஆள்.

மூன்றாம் தொட்டிக்கு வந்திருக்கிறது.

அவர் தொட்டிக்கு.

"என்ன அண்ணாச்சி, குப்பையைப் பாத்து புதுமாப்பிள்ளை மாதிரி சிரிக்கீய?" பக்கத்துத் தொட்டியிலிருந்து பேச்சித்தாய்.

"உன் சோலியைப் பாரு."

சொன்னால் போச்சு. பாம்பு முட்டை என்றால் கம்போடு ஓடிவர ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

பத்து மணிக்கு சூப்பர்வைசர் அம்மா சூடு பார்க்கிற கம்பியோடு வருவாள். குத்தி, முள் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று பார்ப்பாள். ஐம்பதுக்கு மேலே போனால் உயிருள்ள தொட்டி. உடனே மண்வெட்டியைப் போட்டு மேல் கீழாகப் புரட்டவேண்டும். கீழே நின்றால் செத்த தொட்டி. மூன்று மாசம் சீந்துவாரில்லாமல் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டவனுக்கு அப்புறம் தொட்டி கிடையாது. தெருப் பெருக்கப் போகவேண்டியதுதான்.

இருபது வருஷத்தில் அவர் தொட்டி செத்ததில்லை.

ஆனால் பாம்பு முட்டை புரளக்கூடாது. கோழி தன் முட்டையை உருட்டிக்கொண்டே இருக்கும்; இது அப்படியில்லை. ஒருமுறை வாழைத்தோப்பில் கிடந்ததை எடுத்து, வேறிடத்தில் பத்திரமாகத்தான் வைத்தார். ஒன்றுகூடப் பொரியவில்லை. கிடந்த இடத்திலேயே கிடந்தால்தான் இரண்டு மாசத்தில் பொரியும்.

ஸ்கூட்டர் வந்து நின்றது.

அவள் கம்பியை நடுக்குப்பைக்கு நேராக ஓங்கினாள். அங்கே குத்தினால் அறுபது காட்டும்.

"அங்க வேண்டாம்மா. இங்கன குத்துங்க."

முட்டைக்கு எதிர்ப்பக்கம். ஆறிப்போன சுவரோரம்.

அந்தக் கம்பியைப் பொய்க்கம்பி என்று திட்டாத நாள் கிடையாது. இன்றைக்கு அதற்கு அவரே இடம் காட்டினார்.

முள் முப்பத்தொன்றில் நின்றது.

"என்ன பெரியவரே, உங்க தொட்டியா இப்படி?"

"செத்துப்போச்சும்மா."

பேச்சித்தாயின் மண்வெட்டி பாதியில் நின்றது.

"புரட்டிப் பாப்போமா? ஒருவேளை..." என்றாள் சூப்பர்வைசர் அம்மா.

"செத்ததைப் புரட்டி என்னத்துக்கு? கிடக்கட்டும்."

அவள் காகிதத்தில் எழுதினாள். எந்தக் காகிதத்தையும் இரண்டு பேரிடம் தனித்தனியாகப் படித்துக் காட்டச் சொல்லாமல் அவர் கைநாட்டு வைத்தது கிடையாது. இன்றைக்குக் கேட்கவில்லை. கட்டைவிரலை நீட்டினார். ஆழ அழுத்தினார்.

"வருத்தப்படாதீங்க. எந்தத் தெரு வேணும், சொல்லுங்க. பாத்துப் போடுறேன்."

"எந்தத் தெருவானாலும் சரி." துடைப்பத்தை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். "ஆவணிக் கடைசியில மட்டும் ஒரு நாள் லீவு வேணும்."

"எதுக்கு?"

"விசேஷம்மா."

தொட்டிப் பக்கம் கண் போகாமல் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.