பத்து யூனிட்

"ரத்த டியூப்ல என் பேரை எதுக்கு சார் எழுதினீங்க?"

சிஸ்டர் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் கேட்டாள். சர்க்கரை நோய் ஆஸ்பத்திரியில் இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுக்கும் அறை அது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். செல்போனைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"வெளியில ரத்தம் எடுத்து, என் பேரையும் வயசையும் எழுதி, லேப்ல வெச்சுட்டுப் போயிட்டீங்க. நேத்து அங்கேர்ந்து ஃபோன். 'மனசைத் தளர விட்டுடாதீங்க அக்கா'ங்கிறான். இன்னைக்குக் காலையில கேன்டீன்ல எனக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ. வாட்ச்மேன் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறார். எனக்குச் சர்க்கரையே கிடையாது சார்!"

"சாரி சிஸ்டர். என் பேரை எழுதக் கை வரல. சட்டுனு உங்க பேர்தான் ஞாபகம் வந்துச்சு."

"ரொம்பப் பெருமையா இருக்கு. எழுத்தைப் பார்த்ததும் ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. இந்தாங்க, உங்க சொத்து."

ரிப்போர்ட்டை நீட்டினாள். அவர் வாங்கித் தள்ளிப் பிடித்தார். பிறகு கிட்டே கொண்டுவந்தார். மறுபடி தள்ளிப் பிடித்தார்.

"தெரியலையா?"

"கொஞ்சம் மங்கலா..."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு மாசமா."

சிஸ்டர் ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "நானே படிக்கிறேன். மூணு மாசச் சர்க்கரைச் சராசரி பதினொண்ணரை. ஏழுக்குள்ள இருக்கணும். இதை டாக்டர் பார்த்தா என்ன சொல்வார்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். ஃபைலைத் தூக்கி எறிவார்."

"அப்புறம்?"

"இன்சுலின் ஆரம்பிக்காம இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்னு கத்துவார்."

"கத்தணும்ல?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை எடுக்க முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"இன்னும் ஒரு மாசம் குடுங்க சிஸ்டர். நடக்கிறேன். சாப்பாட்டைப் பாதியாக் குறைக்கிறேன்."

"போன வருஷமும் இதேதான். நடக்கிறதுக்குன்னு ஷூ வாங்கினீங்க. அது இன்னும் கார் டிக்கியில தூங்குது. வீட்டுல அவங்களுக்குத் தெரியுமா?"

"ஐயோ, தெரிஞ்சா தட்டைப் பிடுங்கிடுவா."

"எப்பவோ பிடுங்கியிருக்கணும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது; வந்த வேகத்தில் அடங்கியது. "உங்களுக்கு விளையாட்டா இருக்கு. இது வெளியில தெரிஞ்சா நான் பார்க்கிற வேலைக்கு ஒருத்தன் மதிப்பானா? பொழைப்பே போயிடும்."

"சர்க்கரை இருக்குன்னு தெரிஞ்சா பொழைப்பு போகாது சார். கண்ணு போச்சுன்னா போகும். பேனாவை எடுங்க."

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்திருந்த இன்சுலின் பேனா மேஜையில் கிடந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையில் சிஸ்டருக்கே ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

"பத்து யூனிட் திருப்புங்க. தொப்புள்லேர்ந்து ரெண்டு விரல் தள்ளி."

"தெரியும்."

"தெரிஞ்சா இந்நேரம் போட்டிருப்பீங்க."

அவர் சட்டையைத் தூக்கினார். வயிற்றின் மடிப்பைப் பிடித்தார். ஊசியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கண்களை இறுக்கிக்கொண்டார்.

"கண்ணை மூடாதீங்க. அதைக் காப்பாத்தத்தான் இவ்வளவு பாடும்."

அவர் கண்ணைத் திறந்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக் குத்தினார்.

"அழுத்துங்க. பத்து வரைக்கும் எண்ணுங்க. வேகமா எண்ணி ஏமாத்தாதீங்க."

எண்ணினார். ஊசியை எடுத்தார். குத்திய இடத்தைத் தேடினார். ரத்தமில்லை, வீக்கமில்லை, இடமே தெரியவில்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா ரெண்டு வருஷம் பயந்து செத்தேன்?"

"அதை என்கிட்ட கேட்டா? நாளைக்கு இதே நேரம். இன்னைக்கே கண் டாக்டரைப் பார்க்கணும். லேப்ல போய் அந்தப் பேரை மாத்திட்டு வரணும்."

"பேரையுமா?"

"நான் சர்க்கரை போட்ட டீ குடிக்கணும் சார்."

அவர் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு வெளியே வந்தார். நடை வழியில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். யார் முகத்தையும் பார்க்காமல் அவர்களைத் தாண்டி, கடைசி அறைக்குள் போய் உட்கார்ந்து, மணியை அடித்தார்.

முதல் டோக்கனோடு உள்ளே வந்த பெரியவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. "டாக்டர், மாத்திரை எத்தனை வேணா எழுதுங்க. இன்சுலின் மட்டும் வேண்டாம். போட்டா அதோட ஆள் காலின்னு எல்லாரும் சொல்றாங்க!"

டாக்டர் எழுந்து, உள்ளே செருகிய சட்டையை மறுபடி வெளியே இழுத்து, வயிற்றைக் காட்டினார். "அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடிதான் போட்டுக்கிட்டேன். நல்லாப் பாருங்க, காலியான ஆள் மாதிரியா இருக்கேன்?"