இன்னும் கொஞ்சம் சிவப்பு

"இன்னும் கொஞ்சம் சிவப்பு வைங்க தம்பி. பிள்ளை சோகை பிடிச்ச மாதிரி இருக்கா."

பழைய டிவிப் பெட்டியின் முதுகுப் பக்கம் குந்தியிருந்த மெக்கானிக், உள்ளே இருந்த சின்னத் திருகை மயிரிழை அளவு திருப்பினான். "இப்போ?"

"ம்... கன்னத்துல இப்பத்தான் ரத்தம் ஓடுது. ஆனா பச்சை இன்னும் முழுசா விடலை."

"அம்மா, பேசாம நீங்க என்கூட வேலைக்கு வந்துடுங்க. கடை போர்டுல உங்க பேரையும் போட்டுடறேன்."

"போடுங்க, போடுங்க. வீட்டுல ஒருத்தருக்கும் என் அருமை தெரியலை."

வழக்கமாக இந்த வேலைக்குப் பெட்டிக்கு எதிரே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொள்வான். கை பின்னால் திருகும், கண் கண்ணாடியில் படத்தைப் பார்க்கும். இன்றைக்கு அது வரும் வழியில் பைக்குள்ளேயே உடைந்துபோயிருந்தது.

"கண்ணாடி எதுக்குத் தம்பி?" என்று மனைவியை நாற்காலியோடு எதிரே உட்கார வைத்தவர் கணவர்தான். "இவ சாயப்பட்டறையில நிறம் ஒத்துப் பார்த்தவ. ஒரே சிவப்புல பத்துச் சிவப்பு பிரிப்பா. முதலாளியே இவகிட்ட வாயைக் கொடுக்க மாட்டான்."

சொல்லிவிட்டு டீ போட அடுக்களைக்குப் போனவர் அங்கேயே நின்றுகொண்டார். "முந்தியெல்லாம் இவதான் போடுவா. இப்ப உட்கார்ந்த இடத்துலேயே அதிகாரம்!" என்ற குரல் மட்டும் வந்தது.

அவர் ஏன் கூடத்துக்குத் திரும்பி வரவில்லை என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். வந்தவுடன் வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. முற்றத்தில் ஒரு சிறுமி கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் பாசி படிந்தாற்போல் பச்சை. படம் வந்த கணமே அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க வாலு, தம்பி. ஒரே பிள்ளை. இதை எடுத்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. என்னால பார்க்க முடியறதில்லை. சாயங்காலமானா இவ இதைப் போட்டு, பார்த்துப் பார்த்துச் சொல்லுவா. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்குவேன். அதுலதான் என் பொழுது ஓடுது."

"பச்சையா இருக்குன்னு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"எனக்கெங்க தெரியும்? நேத்து அடுத்த வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு, 'என்ன, பிள்ளை பச்சைப்பசேல்னு இருக்கா'ன்னு சிரிச்சாங்க. உடனே உங்க கடைக்கு ஓடி வந்தேன். இவ ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க! சாயக்காரியாம் சாயக்காரி!"

"சொன்னா நீங்க ராத்திரி தூங்க மாட்டீங்க. அதான் விட்டுட்டேன்," என்றாள் அவள்.

அதற்குப் பிறகுதான் மெக்கானிக் பெட்டியை மேசையோடு முன்னால் இழுத்துப் பின்மூடியைக் கழற்றினான். இழுத்தபோது பின்னால் ஏதோ சொத்தென்று விழுந்தது. தன் பையிலிருந்து ஏதாவது நழுவியிருக்கும் என்று அவன் குனிந்து பார்க்கவில்லை.

"பச்சையைக் குறைச்சிருக்கேன். இப்பப் பாருங்கம்மா."

பெட்டிக்குள்ளிருந்து கயிறு தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. "அப்பா, இங்க பாருங்க! அப்பா, என்னைப் பாருங்க!" என்று மூச்சு வாங்கியது சிறுமியின் குரல்.

அடுக்களையில் டம்ளர் உருளும் ஓசை நின்றுபோனது.

"இதான்," என்றாள் அவள். "இதான் தம்பி அவ நிறம். கையை எடுத்துடுங்க. இனிமே எதையும் தொடாதீங்க."

"நிஜமாவா?" கணவர் உள்ளிருந்தே கத்தினார். "என் பிள்ளை மாதிரியே இருக்காளா?"

"ஆமாங்க, அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கா! மாநிறம். வெயில்ல மூக்கு நுனி மட்டும் செவந்திருக்கு."

"பாவாடை?"

"அதே மயில்கழுத்து நிறம். ஓரத்துல நான் ஒட்டுப் போட்டுத் தைச்சது கூடத் தெரியுது."

"ஐயோ," என்றார் அவர். பிறகு உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

மெக்கானிக் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். இந்த வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் எப்போதாவதுதான் வாய்க்கும். தானும் அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை நல்லபடியாகப் பார்த்துவிட வேண்டும் என்று பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

திரை கன்னங்கரேலென்று கிடந்தது.

பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். கேசட் பெட்டியிலிருந்து படத்தைக் கொண்டுவரும் மஞ்சள் ஒயர் பிடுங்கிக்கொண்டு தரையில் கிடந்தது. சத்தத்துக்கான ஒயர் மட்டும் அதன் இடத்தில் இருந்தது.

அவள் அந்தக் கறுப்பையே பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, கயிறு கால்ல சிக்கிக்கிச்சுங்க. விழப் பார்த்தா. இல்லை, விழலை. சமாளிச்சுட்டா!"

"அம்மா..." என்றான் மெக்கானிக். "படமே வரலைங்களே..."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. வலது கை எழுந்து காற்றில் துழாவியது. ஒருமுறை தவறி, மறுமுறை அவன் சட்டைக்கையைப் பிடித்துக் கீழே இழுத்தது.

"மெதுவாப் பேசுங்க தம்பி. எனக்குக் கண்ணு போயிடுச்சுன்னு அவருக்கு இன்னும் தெரியாது."