குட்டைப் பக்கம் முன்னால்

“எப்படியாவது ஒரு மணிக்குள்ள வண்டியை இறக்கிக் குடுத்துரு, நெவ். இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது.”

மெர்ல் இப்படிக் கெஞ்சியதைக் கேட்டதும் கிளாரி டூஹிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முப்பது வருஷக் குடித்தனத்தில் பெண்டாட்டி அவர் பக்கம் நின்று பேசிய தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அறுபது மைல் தள்ளி, மரப்பின் என்ற ஊர்த் தேவாலயத்தில், மூன்று மணிக்கு அவர்களுடைய ஒரே மகள் நோரீனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிராண்ட் வீட்டுப் பையன். மழை பொய்த்த வருஷத்தில் ஓடையை மேலேயே மறித்து, கிளாரியின் முந்நூறு ஆடுகளைத் தாகத்தில் சாகவிட்ட குடும்பம் அது.

‘யாருக்காவது ஆட்சேபம் உண்டா?’ என்று பாதிரியார் கேட்கும்போது எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் கிளாரியின் திட்டம். அப்பன் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேச நோரீனுக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை.

ஆனால் போய்ச் சேர வண்டி வேண்டுமே! இருபது வருஷத்து வேகன், பின் ஸ்பிரிங்குகள் இரண்டும் துருப்பிடித்து முனகிக்கொண்டிருந்தன. இதை வைத்துக்கொண்டு அந்த மேடுபள்ளத்தில் போனால் பாதி வழியில் உட்கார வேண்டியதுதான் என்று மெர்ல்தான் புதன்கிழமையே நெவ் பாஸ்கோவின் பட்டறைக்கு அனுப்பிவைத்தாள். பட்டை பட்டையாகப் பிரித்து, துரு சுரண்டி, கிரீஸ் தடவி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தருவதாக நெவ் சொல்லியிருந்தார். இன்று சனி, மணி பன்னிரண்டு, வண்டி இன்னும் அந்தரத்தில் நின்றது.

பன்னிரண்டரைக்கு ஒருவழியாக ஜாக்கியை இறக்கினார் நெவ். பின் சக்கரம் மட்கார்டின் பின் விளிம்பில் போய் உரசிக்கொண்டு நின்றது.

நெவ் தலையைச் சொறிந்தார். ஸ்பிரிங்கின் நடு போல்ட் சரிபாதியில் இருக்காது, குட்டைப் பக்கம் முன்னால் வர வேண்டும், நெட்டைப் பக்கம் பின்னால். அதை மாற்றி மாட்டிவிட்டாராம். கம்பளி லாரிகளுக்கெல்லாம் நாற்பது வருஷமாக ஸ்பிரிங் கட்டிய கை.

“உனக்கு என்னடா ஆச்சு இன்னிக்கு?” என்றார் கிளாரி.

“வயசாகுதுல்ல” என்றபடி நெவ் மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தார்.

யூ போல்ட்டுகளைக் கழற்றி, ஸ்பிரிங்கை இறக்கித் திருப்பி, ஏற்றுவதற்குள் ஒன்றரை ஆகிவிட்டது. இப்போது போல்ட்டின் தலை அச்சுக் குழியில் உட்காராமல் இரண்டு விரல் தள்ளி நின்று அடம்பிடித்தது. கிளாரி குனிந்து அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கைப் பார்த்தார். அதுவும் திருப்பித்தான் மாட்டப்பட்டிருந்தது.

“ஒண்ணைப் பாத்துத்தானே இன்னொண்ணை மாட்டினேன்” என்றார் நெவ் பரிதாபமாக.

கிளாரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நெவ்வின் லாரியைக் கேட்டார். அது பீர் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே மரப்பினுக்குப் போயிருந்தது. தெருவுக்கு ஓடினார். ரொட்டிக்கடைக்காரர், சார்ஜென்ட், மதுக்கடைக்காரர் என்று வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். ஊரில் நாய்கள்தான் மிச்சம்.

திரும்பி வந்து தானே ஸ்பானரைப் பிடுங்கினார். ஆட்டு ரோமம் கத்தரித்தே பழகிய கை, நட்டு வழுக்கி விரல் முட்டிகள் தோலுரிந்ததுதான் மிச்சம். மெர்ல் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். போட்டுக்கொண்டே, “இன்னும் கொஞ்சம் வேகமா பாரேன், நெவ்” என்று மறுபடி கெஞ்சினாள்.

இரண்டரை மணிக்கு மேல் கிளாரி கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு முன் நோரீன் வந்து, கோயிலில் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போகும்படி கேட்டபோது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது ஏனோ நினைவுக்கு வந்தது. மகளை மீட்கவும் முடியவில்லை, போய்ப் பார்க்கவும் முடியவில்லை. நெவ் நாலு இரும்புப் பட்டையை மாற்றி மாட்டியதற்கு இப்படி ஒரு தண்டனையா என்று அழுகை வந்தது.

மூன்றே முக்காலுக்குப் பட்டறையின் டெலிபோன் அடித்தது. நெவ்வின் கையெல்லாம் கிரீஸ். மெர்ல்தான் போய் எடுத்தாள்.

கேட்டுக்கொண்டே நின்றாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. என்ன செய்தி என்று கேட்கும் தெம்பு கிளாரிக்கு இல்லை, பெற்றவளுக்கு வயிறு எரியாமல் இருக்குமா என்றுதான் நினைத்தார்.

மெர்ல் டெலிபோனை வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டிக்கு அடியில் குனிந்து சொன்னாள்:

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சாம், நெவ். இனிமே ஸ்பிரிங்கைச் சரியா மாட்டு.”